எண்மர் ஓடிய பந்தயம்

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் ஓட்டப் பந்தயத்தைப் பற்றியும் ஊக்கமருந்தைப் பற்றியும் எழுதுவதா எனப் பெரியோர் சிலர் ஐயுறக்கூடும். விளையாட்டும் திரைப்படமும் படிப்புக்குப் பகை என்ற எண்ணம் நம் இல்லங்களில் இன்னும் மறைந்தபாடில்லை. ஆயினும், ஒரு மக்கட் கூட்டத்தைப் பற்றிப் பிறர் எவ்வாறு பேசுகின்றனர், அக்கூட்டத்தார் தம்மைக் குறித்துத் தாமே பேசுவதற்கு எவ்வளவு இடம் பெறுகின்றனர் என்னும் வினா நமக்குப் புதியதன்று. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் இதழ் தொடங்கியதும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டை நடத்தப் புகுந்ததும், 1920இல் அண்ணல் அம்பேத்கர் மராத்தியில் 'மூக்நாயக்' கண்டதும் அவ்வினாவிலிருந்து பிறந்த செயல்களே. அதே வினாவை எழுப்பி ஓர் ஆவணப்படத்தை இங்கு ஆராய விழைகின்றோம்.

அப்படத்தின் பெயர் ஓர் எண்: 9.79. எண்ணை அடுத்து ஓர் உடுக்குறியும் இடப்பட்டுள்ளது. பதிவேடுகளில் ஓர் எண்ணோடு உடுக்குறி காணப்பட்டால், 'இதில் வில்லங்கம் உண்டு' என்று பொருள். பிரித்தானிய இயக்குநர் டேனியல் கோர்டன் ஈ.எஸ்.பி.என். என்னும் அமெரிக்க விளையாட்டுத் தொலைக்காட்சிக்காக 2012இல் இதனை உருவாக்கினார். பத்து விநாடி கூட நீடிக்காத ஒரு பந்தயத்தையும் அதன் பின்விளைவுகளையும் சொல்லும் படம் இது.

1988ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் தென்கொரியத் தலைநகர் சோலில் ஒலிம்பிக் ஆடவர் 100 மீட்டர் இறுதிப் போட்டி நடைபெற்றது. கனடாவின் பென் ஜான்சன் 9.79 விநாடியில் ஓடி, எல்லைக் கோட்டைத் தாண்டும்போதே வலக்கையை வானோக்கி உயர்த்தினார். அதற்கு முன் உலகில் எவரும் அவ்வளவு விரைவாக ஓடியதில்லை. அமெரிக்காவின் கார்ல் லூயிஸ் 9.92, பிரிட்டனின் லின்ஃபோர்ட் கிறிஸ்டி 9.97, அமெரிக்காவின் கால்வின் ஸ்மித் 9.99 என அடுத்தடுத்து வந்தனர். அவர்களுக்குப் பின் அமெரிக்காவின் டென்னிஸ் மிட்செல், பிரேசிலின் ராப்சன் ட சில்வா, கனடாவின் டெசாய் வில்லியம்ஸ். ஜமைக்காவின் ரே ஸ்டூவர்ட் இடைவழியில் காலில் அடிபட்டு, நொண்டியவாறே கடைசியாக வந்து சேர்ந்தார்.

மூன்றாம் நாள் செய்தி வெடித்தது. ஜான்சனின் சிறுநீரில் ஸ்டானோசொலால் என்னும் தசை வளர்க்கும் மருந்து காணப்பட்டது. தங்கம் பறிக்கப்பட்டு லூயிஸுக்கு வழங்கப்பட்டது. கிறிஸ்டிக்கு வெள்ளியும் ஸ்மித்துக்கு வெண்கலமும் கிட்டின. கனடா அரசு நீதியரசர் சார்லஸ் டூபின் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. 1989இல் நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகள் அதன்முன் பேசினர். ஜான்சனும் தாம் மருந்து உட்கொண்டதை ஒப்புக்கொண்டார். 1987இல் ரோம் நகரில் அவர் ஓடிய 9.83 விநாடிச் சாதனையும் பின்னர் நீக்கப்பட்டது.

இனி நாம் கருதவேண்டியது ஒன்று. அன்று தொடக்கக் கோட்டில் நின்ற எண்மரும் கறுப்பினத்தார். ஐந்து நாடுகளின் சீருடை அணிந்திருந்தனரேயன்றி, எண்மரின் முன்னோர் வரலாறும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆப்பிரிக்கக் கரையில் விலங்கிடப்பட்டு, அட்லாண்டிக் கடலைக் கப்பலின் அடித்தட்டில் கடந்து, கரும்புத் தோட்டத்திலும் பருத்திக் காட்டிலும் விற்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். ஜான்சன், கிறிஸ்டி, ஸ்டூவர்ட் ஆகிய மூவரும் ஜமைக்காவில் பிறந்தவர்கள். டெசாய் வில்லியம்ஸ் பிறந்தது செயின்ட் கிட்ஸ் தீவில். பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் இயற்றப்பட்டது. அமெரிக்காவில் அது ஒழிந்தது 1865இல். பிரேசிலிலோ 1888இல்தான்! ராப்சன் ட சில்வா சோலில் ஓடிய ஆண்டு அவர் நாட்டில் அடிமை விடுதலையின் நூற்றாண்டு என்பதை அன்று விளையாட்டுப் பக்கம் படித்தோருள் எத்தனைபேர் நினைத்திருப்பர்?

கோர்டனின் படத்துக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. எண்மரையும் அவர் தேடிச் சென்றார். வென்றவரையும் வீழ்ந்தவரையும் மட்டும் பேசவைத்து மற்றவர்களைப் பின்புலமாக்கிவிடுவதே இத்தகைய படங்களின் வழக்கம். இங்கு ஆறாவதாக வந்தவருக்கும் நொண்டிக்கொண்டே வந்தவருக்கும் ஆளுக்கோர் இருக்கை இட்டு, முகத்துக்கு நேரே ஒளிக்கருவியை வைத்து, அவரவர் நாவால் சொல்லவிட்டார். இதன் அருமை ஜான்சனைக் கொண்டு நன்கு விளங்கும். திக்குவாய் உடைய அவரது பேச்சை எள்ளி நகையாடியோர் 1988இல் பலர். திக்கும் மனிதனுக்குப் பிறர் பேசிவிடுவது எளிது. கால் நூற்றாண்டு கழித்து, அவசரப்படுத்துவார் இன்றி அவர் பேசுவதை இப்படத்தில் கேட்கின்றோம்.

1919இல் சவுத்பரோ குழுவின்முன் சாட்சியம் அளித்த அண்ணல் அம்பேத்கர், மக்களின் கருத்துகளுக்குப் பிரதிநிதித்துவம் கிடைத்தால் மட்டும் அது மக்களாட்சி ஆகிவிடாது, ஆட்களுக்கும் பிரதிநிதித்துவம் வேண்டும் என வாதிட்டார். தீண்டப்படாதார் குறைகளை நாங்களே எடுத்துரைப்போம் என்று உயர்சாதித் தலைவர்கள் முன்வந்த காலம் அது. அவ்வளவுகோலால் அளந்தால், எட்டு ஆட்களும் நேரில் அமர்ந்து பேசும் இப்படம் நல்ல மதிப்பெண் பெறும். எனினும் நம் ஐயம் அங்கே தீரவில்லை. நீதிமன்றக் கூண்டில் நிற்பவனுக்கும் பேச இடம் உண்டு. ஆனால் அவன் பேச்சு கேள்விக்கு விடையாகவே அமையவேண்டும். 'நீ மருந்து உண்டாயா, இல்லையா' என்னும் ஒரே கேள்வியை ஒட்டி எட்டு கறுப்பு முகங்கள் வரிசையாகத் தோன்றும்போது, முகங்களின் எண்ணிக்கை நிறைவாக இருக்கிறது. 'நான் எங்கிருந்து வந்தேன், இந்தக் கோட்டுக்கு என்னை அழைத்து வந்தவை யாவை' என்று சொல்லும் வாய்ப்பு அந்த அளவுக்கு நிறையவில்லை.

ஜான்சன் 1961இல் ஜமைக்காவின் ஃபல்மத் ஊரில் பிறந்தவர். அவர் குடும்பம் 1976இல் கனடாவின் டொரான்டோவுக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு முன் கனடா தன் வாயிலை எவ்வாறு காத்தது என்பதை நாம் அறியவேண்டும். 1955 முதல் கரீபியத் தீவுகளின் கறுப்பினப் பெண்களை வீட்டு வேலைக்கென்றே அந்நாடு ஒரு திட்டத்தின்கீழ் சேர்த்துக்கொண்டது. இன வேற்றுமை பாராட்டும் குடியேற்ற விதிகள் 1962இல்தான் தளர்ந்தன. 1967இல் கல்வி, தொழில் முதலியவற்றுக்கு மதிப்பெண் இடும் முறை வந்தது. அடுப்படிக்கும் துணி வெளுக்கவும் தேவைப்பட்ட மக்களின் பிள்ளைகள் அடுத்த தலைமுறையில் ஓடுகளத்துக்குத் தேவைப்பட்டனர். 1987இல் ஜான்சனுக்கு நாட்டின் உயர்ந்த விருதுகளுள் ஒன்று வழங்கப்பட்டது. சோலில் வென்ற அன்று பிரதமர் பிரயன் மல்ரோனி தொலைபேசியில் அழைத்து வாழ்த்தியதைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது.

மூன்று நாளில் பெயர் மாறியது. வென்றபோது அவர் 'கனடியர்'. மருந்துச் செய்தி வந்ததும் 'ஜமைக்காவில் பிறந்த கனடியர்'. பின்னர் வெறும் 'ஜமைக்கர்'. அந்நாட்களின் கனடிய இதழ்களை ஆராய்ந்த சமூகவியலார் இம்மாற்றத்தைச் சான்றுகளோடு காட்டியுள்ளனர். குடியுரிமைச் சீட்டில் எழுதியது அழியவில்லை. நாவில் இருந்தது அழிந்துவிட்டது. 'எங்கள் பிள்ளை' என்று தோளில் தூக்கியவர்கள் 'யாரோ வந்தேறி' என்று கீழே போட்டார்கள்.

நம் நாட்டில் இதற்கு மூத்த வரலாறு உண்டு. தோல் பதனிடும் சாதியிற் பிறந்த பல்வங்கர் பாலு, பூனாவில் இந்துக்களின் கிரிக்கெட் அணிக்குப் பந்து வீசி வெற்றி தேடித் தந்தவர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே, தனியாக, மண் குவளையில் தேநீர் தரப்பட்டது. அணியின் தலைமையோ அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. நெடிய கிளர்ச்சிக்குப்பின் 1923இல் அவர் தம்பி விட்டலுக்கே அது வாய்த்தது. பாலு எந்தக் குற்றமும் செய்யவில்லை, ஜான்சன் செய்தார். இவ்விருவரையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. விக்கெட் விழும் நேரத்தில் மட்டும் 'நம்மவர்' என்று ஒருவரை ஏற்கும் மனப்பான்மை இரண்டு நாட்டிலும் ஒன்றாக இருப்பதையே சுட்டுகின்றோம்.

ஊக்கமருந்தைப் பற்றிய மற்றப் படங்களோடும் வரலாறுகளோடும் ஒப்பிட்டால் வேறொரு வேறுபாடும் புலனாகும். கிழக்கு ஜெர்மனி 1974 முதல் ஓர் அரசுத் திட்டத்தின்கீழ்த் தன் வீரர்களுக்கும் வீராங்கனைகளுக்கும் மருந்து கொடுத்தது. அவர்களுள் பலர் சிறுமியர். சத்து மாத்திரை என்று சொல்லியே கொடுத்தனர். ஜெர்மனி ஒன்றான பின் ஆவணங்கள் வெளிப்பட்டன. விளையாட்டுத் துறைத் தலைவராயிருந்த மான்ஃபிரெட் எவால்ட் 2000இல் தண்டிக்கப்பட்டார். பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்க 2002இல் சட்டமே வந்தது. 2018இல் ஆஸ்கர் விருது பெற்ற 'இக்கரஸ்' என்னும் ஆவணப்படம் ருஷ்ய நாட்டு மோசடியைச் சொல்வது. அமெரிக்க இயக்குநர் பிரயன் ஃபோகலும் மாஸ்கோ ஆய்வுக்கூடத் தலைவர் கிரிகோரி ரோட்சென்கோவும் அதன் நாயகர்கள். அங்கெல்லாம் குற்றவாளி என்று நிறுத்தப்படுவது அரசு, திட்டம், ஆய்வுக்கூடம். சோல் கதையிலோ குற்றவாளி ஒரு மனிதன், ஒரு உடல். வெள்ளையர் மருந்து உண்டால் அமைப்பின் கேடு; கறுப்பர் உண்டால் பிறவிக் குணத்தின் கேடு. இவ்வாறு எவரும் வெளிப்படையாக எழுதிவைக்கவில்லை. ஆயினும் கதை சொல்லும் முறையிலேயே அது பதிந்து கிடக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் சிறுமியர் அறியாது உண்டனர், ஜான்சன் அறிந்தே உண்டார் என்னும் வேற்றுமையை நாம் மறைக்கவில்லை. 1993இல் அவர் மீண்டும் ஒருமுறை பிடிபட்டு வாழ்நாள் தடை பெற்றதும் உண்மை. அறிந்து உண்டவனுக்கும் அதைக் கையில் கொடுத்தவர் எவரோ இருக்கவேண்டும் அல்லவா?

இருந்தனர். பயிற்சியாளர் சார்லி பிரான்சிஸ் 1972 ஒலிம்பிக்கில் கனடாவுக்காக ஓடிய வெள்ளையர். 1981 முதல் ஜான்சனுக்கு மருந்துப் பழக்கம் தம் பயிற்சியின்கீழ்த் தொடங்கியதென அவரே ஆணையத்தின்முன் கூறினார். பிறர் எல்லோரும் மருந்து உண்ணும் உலகில் உண்ணாதவன் ஒரு மீட்டர் பின்னால் நின்று புறப்படுவதற்கு ஒப்பாவான் என்பது அவர் வாதம். ஜேமி அஸ்டபான் என்னும் மருத்துவர் ஊசி போட்டார். பிரான்சிஸிடம் பயின்ற ஆஞ்செல்லா இசாஜென்கோ, தாம் உண்ட மருந்துகளை எல்லாம் நாள்வாரியாக எழுதி வைத்திருந்த குறிப்பேடுகளோடு வந்து சாட்சியம் சொன்னார். அவரும் ஜமைக்காவில் பிறந்தவரே. கனடா ஆணையத்தின் பெருமை என்னவெனில், மூடிய கதவுகளைத் திறந்து அமைப்பு முழுவதையும் சாட்சிக் கூண்டுக்கு இழுத்தது. அதன் துணிவை நாம் மெச்சவேண்டும். ஆனால் மக்கள் நினைவில் தங்கியது எது? ஆணையத்தின் அறிக்கை அன்று. விரலுயர்த்தி ஓடிய ஒருவரின் உருவமே.

இசாஜென்கோவின் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்லிச் செல்கின்றோம். சோல் கதை என்றால் ஆடவர் கதையாகவே அது சொல்லப்படுகிறது. அன்று முதன்முதல் உரத்த குரலில் உண்மையைச் சொன்னோருள் ஒருவர் பெண் என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது. பிற்காலத்தில் ருஷ்யாவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 'இக்கரஸ்' வெளிவருவதற்கு மூன்றாண்டு முன், 2014இல், ஜெர்மானியத் தொலைக்காட்சிப் படம் ஒன்றில் ருஷ்ய மோசடியை வெளிப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் யூலியா ஸ்டெபனோவா என்னும் ஓட்ட வீராங்கனை.

எண்மருள் மற்றவர் நிலை என்ன? படத்தின் பெயரில் உள்ள உடுக்குறி ஜான்சன் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்பதை இயக்குநர் நன்கு உணர்த்துகிறார். லூயிஸின் மாதிரியில் 1988 அமெரிக்கத் தகுதிப் போட்டியின்போது தடைசெய்யப்பட்ட கிளர்ச்சிப் பொருள் சிறிதளவு காணப்பட்டதும், தெரியாமல் நேர்ந்ததென அவர் ஓட அனுமதிக்கப்பட்டதும் 2003இல்தான் உலகுக்குத் தெரிந்தன. கிறிஸ்டி சோலிலேயே ஒரு சோதனையில் சிக்கினார். மூலிகைத் தேநீரால் வந்ததென்ற அவர் விளக்கத்தை 11க்கு 10 என்ற வாக்கில் ஏற்று விடுவித்தனர். 1999இல் வேறொரு சோதனையில் சிக்கித் தடை பெற்றபோதும் தாம் குற்றமற்றவர் என்றே வாதிட்டார். மிட்செல் 1998இல் பிடிபட்டார். வில்லியம்ஸின் பெயர் டூபின் ஆணையத்தில் அடிபட்டது. ஸ்டூவர்ட் பயிற்சியாளராக இருந்து மருந்து வாங்கித் தந்த குற்றத்துக்காக 2010இல் வாழ்நாள் தடை பெற்றார். மருந்துக் குற்றச்சாட்டு எதுவும் தீண்டாதவர்கள் ஸ்மித், ட சில்வா ஆகிய இருவரே. ஒருவரின் மாதிரி நாட்டுக் குழுவின் அறைக்குள்ளே தங்கிவிடுகிறது. ஒருவர் ஒரே வாக்கில் தப்புகிறார். ஒருவர் மூன்றே நாளில் உலகின் முன் அம்மணமாக்கப்படுகிறார். நிறம் ஒன்றாயினும், யார் பின்னால் எவ்வளவு வலிய நாடும் சங்கமும் நிற்கின்றன என்பதைப் பொறுத்தே கதி மாறுகிறது. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அதே 2012இல் வெளிவந்த இன்னொரு படத்தையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. முன்னாள் ஒலிம்பிக் வீரர் மைக்கேல் ஜான்சன் பிரித்தானியத் தொலைக்காட்சிக்காக ஒன்றில் தோன்றி, அடிமைக் கப்பலின் கொடுமைகளில் பிழைத்த வலியோரின் வழிவந்ததால்தான் கறுப்பர் விரைந்து ஓடுகின்றனரோ என்று வினவினார். கேட்டவர் கறுப்பினத்தவர், கேட்டதும் தம் முன்னோரைப் பற்றிய ஆர்வத்தால். ஆயினும் இவ்வினா நமக்கு அச்சம் ஊட்டுகிறது. ஓடுவது இரத்தத்தில் வந்தது என்போர், அடுத்த மூச்சில் படிப்பதும் ஆள்வதும் வேறு இரத்தத்துக்கு உரியவை என்பர். பிறப்பால் தொழில், பிறப்பால் திறன் என்னும் அந்தப் பாடத்தை மனுவின் பெயரால் நம்மீது ஏற்றி நெடுங்காலம் ஆயிற்று. விடியற்காலையில் எழுந்து ஓடிய ஓட்டமும், வேறு வாயில்கள் அடைபட்டதால் இந்த ஒரு வாயிலில் பலர் நெருங்கியதும் இரத்த ஆராய்ச்சியில் காணாமற் போகின்றன.

ஆய்வுக்கூடச் சோதனை என்றதும் நம் மக்களுக்கு நினைவுக்கு வருபவர் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி. 2006இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற அவரிடமிருந்து பாலினச் சோதனையின் பேரில் பதக்கம் பறிக்கப்பட்டது. அது ஊக்கமருந்து வழக்கு அன்று. அவர்மீது அத்தகைய குற்றச்சாட்டும் இல்லை. செங்கற் சூளைக் கூலிகளின் மகளது உடலைப் பற்றி உலகமெல்லாம் பேசியபோது, அவர் பேச்சைக் கேட்க வந்தோர் மிகச் சிலரே என்பதற்காக இங்கு நினைவுகூர்ந்தோம்.

திரும்பவும் சோலுக்கு வருவோம். நம் கழக இளைஞர்கள் இப்படத்தைக் காண நேர்ந்தால், ஜான்சனையும் லூயிஸையும் பார்த்த கண்ணை ஐந்தாம் தடத்தில் ஓடியவர்மீதும் சற்று வைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். கால்வின் ஸ்மித் அமெரிக்கத் தென்பகுதியில் மிசிசிப்பி மாநிலத்தின் போல்டன் என்னும் சிற்றூர்க்காரர். கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டதற்காகக் கொல்லப்பட்ட மாநிலம் அது. 1983இல் 9.93 விநாடியில் ஓடி உலகச் சாதனை நிகழ்த்தியவர். 200 மீட்டரில் இருமுறை உலகப் பட்டம் வென்றவர். ஆர்ப்பாட்டம் இல்லாதவர், விளம்பரக்காரர் தேடாதவர். சோலில் நான்காவதாக வந்து, மூன்று நாள் கழித்து வெண்கலம் பெற்றார். அந்தப் பந்தயத்தின் தங்கம் நியாயப்படி தமக்குரியது என்று பிற்காலத்தில் அமைதியாகச் சொன்னார். ஓடுகளத்தை விட்ட பின் சமூகப் பணியாளராக வேலை பார்த்தார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே இன்றும் இருப்பது 9.99, மூன்றாம் இடம். அவ்வெண்ணுக்கு உடுக்குறி இல்லை.